பூகர்பா கம்பெனி தல புராணம்

சின்ன காஞ்சிபுரத்தில் பாச்சாவின் கைபட்ட எந்தக் கோயிலும் ஆயிரம் வருஷத்துக்குக் குறைந்த வயதோடு வெளியே போனதில்லை. தல புராணம் எழுதுவது அவர் தொழில். கோயில் வாசலில் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் நடுவே மஞ்சள் அட்டை போட்டுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் அடுக்கி வைத்திருப்பார்களே, அது. இதுவரை நாற்பத்தொரு கோயிலுக்கு எழுதியிருக்கிறார். அதில் பதினொன்றுக்கு ஏதோ கொஞ்சம் வரலாறு ஏற்கெனவே இருந்தது. மிச்சத்துக்கெல்லாம் பாச்சாதான் பொறுப்பு.

பைபாஸ் ரோட்டில் லாரி டிரைவர்கள் சேர்ந்து கட்டிய ஒரு பிள்ளையார் கோயிலுக்கு அவர் அகத்தியரையே கூட்டி வந்தார். தெற்கே போகிற வழியில் அகத்தியருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, இங்கே ஒரு நாழிகை உட்கார்ந்தார், விட்டது என்று எழுதினார். புத்தகம் வந்த மாதமே முழங்கால் வலிக்காரர்கள் நூறு பேர் வந்தார்கள், அதில் முப்பது பேர் ஓடியே வீடு திரும்பினார்கள் என்பது பாச்சா சொல்வது. அவர் மனைவி ரமாமணி சொல்வதில் வந்தவர்கள் நாலு பேர். ஓடியது ஒருத்தர். அவரையும் நாய் துரத்திற்று.

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் காலையில் பிரேம்நாத் வந்தான். முப்பத்துநாலு வயது, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் பழத்தட்டு. மாகறலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெல்வாய்த்தாங்கல்தான் அவனுக்குச் சொந்த ஊர். இப்போது பூகர்பா எனர்ஜி லிமிடெட்டில் மக்கள் தொடர்பு அதிகாரி. பூகர்பா என்பது பூமியைத் துளைத்து எண்ணெயும் எரிவாயுவும் தேடுகிற கம்பெனி. பதினொரு நாட்டில் துளைத்தாயிற்று. பன்னிரண்டாவதாக எந்த நாட்டையும் பிடிக்காமல், நெல்வாய்த்தாங்கல் ஏரிக்கரையைப் பிடித்திருந்தது. ஏரி மதகுக்கு நாற்பது அடி தள்ளி ஒரு சோதனைக் கிணறு போட வேண்டும், அடுத்த மாதம் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம், அதற்குள் ஜனங்களுக்குக் கம்பெனியைப் பற்றி ஒரு நல்ல எண்ணம் வர வேண்டும் என்று அவன் விளக்கினான்.

"கம்பெனி ப்ரொஃபைல் இங்கிலீஷ்ல எண்பத்துநாலு பக்கம் இருக்குது சாமி. ஊர்ல குடுத்தா பஜ்ஜி மடிச்சிக்கினு இருக்காங்க. உங்க புக்கு மாதிரி இருந்தா கண்ல ஒத்திக்குவாங்க. நீங்கதான் எழுதணும்."

பாச்சாவுக்கு இது நியாயமாகவே பட்டது. நாற்பத்தொரு சாமிக்கு எழுதியவர் ஒரு கம்பெனிக்கு எழுதக் கூடாதா? எழுத்துக் கூலியாக வழக்கமாக வாங்கும் ஒரு எட்டு முழ வேட்டியை வாங்கிக்கொண்டு, எண்பத்துநாலு பக்கத்தையும் வாங்கி வைத்தார்.

மூன்று நாள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். முதல் பக்கத்தில் கம்பெனித் தலைவர் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு சூரியனைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து கடலுக்கு நடுவே இரும்புக் கோபுரம். அப்புறம் பாலைவனத்தில் குழாய், அந்தக் குழாயின் மேல் ஒரு புறா. நாற்பத்தைந்தாம் பக்கத்தில் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அறுபதாம் பக்கத்தில் மரம் நட்டார்கள். எழுபத்திரண்டாம் பக்கத்தில் அதே மரத்தை வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் நட்டார்கள்.

படித்து முடித்ததும் பாச்சா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். எண்பத்துநாலு பக்கத்தில் இந்தக் கம்பெனி ஒரு இடத்தில்கூட வழுக்கி விழவில்லை. ஒரு சாபம் கிடையாது. ஒரு தோஷம் கிடையாது. இந்திரனுக்கே தோஷம் உண்டு. சந்திரன் தேய்ந்ததால்தான் பாதி ஊருக்குக் குளமே வந்தது. பிரம்மாவுக்கே ஒரு தலை போயிற்று. தல புராணத்தின் கட்டுமானமே அதில்தான் நிற்கிறது. பெரியவன் ஒருத்தன் தப்பு செய்வான், அது அவனைத் துரத்தும், ஊர் ஊராக அலைவான், கடைசியில் இந்த ஊருக்கு வந்து இந்தக் குளத்தில் முழுகுவான், பாவம் தீரும், தீர்ந்ததற்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போவான். பாவம் இல்லாதவன் இந்தப் பக்கம் ஏன் வரப் போகிறான்?

உடனே போன் போட்டார்.

"பிரேம்நாத், உங்க கம்பெனி என்னப்பா பாவம் பண்ணித்து?"

பேசுவது அவர்தானா என்று பிரேம்நாத் போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

"பாவம் வேணும்ப்பா. அது இல்லாம என்னால முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது. பெரிசா இருந்தா நல்லது."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் போனை வைத்திருப்பான். பிரேம்நாத் வீட்டுப் பூஜையறையில் பாச்சா எழுதியதே ஐந்து புத்தகம் இருந்தது. புராணத்தில் பாவம் வரும் என்று அவனுக்கும் தெரியும். பெரிய இடத்துப் பாவம் என்றால் கௌரவம்தான் என்று நினைத்துக்கொண்டான். கம்பெனி வருஷா வருஷம் பங்குதாரர்களுக்கு அனுப்புகிற அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், சட்டம் கேட்கிறதே என்பதற்காக எறும்பு எழுத்தில் போட்டிருப்பதை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பி வைத்தான்.

அதைப் படித்தபோதுதான் பாச்சாவுக்குக் கம்பெனி மேல் மரியாதையே வந்தது. எவ்வளவு பெரிய கம்பெனி! ஒரு நாட்டின் ஆற்று முகத்துவாரத்தில் குழாய் உடைந்து ஆறு வருஷம் மீன் இல்லை. இன்னொரு இடத்தில் மூன்று கிணற்றுத் தண்ணீர் தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொண்டது. வேறொரு ஊரில் குழாய் வாயில் பதினொரு வருஷம் இரவு பகலாகத் தீ எரிந்தது. அங்கே விடிகாலை எது என்று தெரியாமல் சேவல்கள் ஓயாமல் கூவித் தொண்டை கட்டிப் போயின என்பது அறிக்கையில் இல்லை. ஆனால் பதினொரு வருஷம் தீ எரிந்தால் சேவல் வேறு என்ன செய்யும் என்று பாச்சா சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் செல்லியம்மாளும் வாயைத் திறந்தாள். அவள் நெல்வாய்த்தாங்கல்காரி. மதகுக்குக் கீழே அறுபது சென்ட் நஞ்சை. தினமும் காலை முதல் பஸ்ஸில் கீரையும் துளசியும் கொண்டுவந்து சன்னதித் தெருவில் விற்பாள். பிரேம்நாத்தின் அம்மாவுக்கு அவள் கூடப்பிறந்த தங்கை. ஆனால் அவன் கழுத்தில் அந்த அட்டை ஏறிய நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

பங்குனியில் கம்பெனி லாரி ஏரிக்கரையில் நின்று, அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று இரும்புக் காலால் தரையை உதைத்துப் பார்த்ததாம். அது உதைத்த உதையில் இரண்டு நாள் தன் எருமை பாலுக்குப் பதில் தயிராகவே கறந்தது என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள். மூன்றாம் நாள் மோர் வந்திருக்கும், அதற்குள் லாரி போய்விட்டது. தொழில் தெரிந்தவள் என்று பாச்சா மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார். கம்பெனி ஆட்கள் வயலில் நட்டுப் போன ஆரஞ்சுக் கொடிகளை அவள் பிடுங்கிச் சோளக்கொல்லை பொம்மைக்குக் கட்டிவிட்டாளாம். கிளி வருவதில்லை. அதிகாரிகள் மட்டும் வருகிறார்கள்.

பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, கிணறு போடும் எந்திரம் வருவதற்கு ரோடு வேண்டும் என்று மதகையே மூடப் போகிறார்கள் என்றாள். மதகு மூடினால் இருநூறு ஏக்கருக்குத் தண்ணீர் இல்லை.

"என் நெலத்த கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன் சாமி. மதகை கேக்கறான். அது என்னுதா, நான் இல்லன்னு சொல்றதுக்கு?"

பாச்சா ஒரு கட்டுத் துளசி வாங்கிக்கொண்டு உள்ளே போய் எழுத உட்கார்ந்தார். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட ரமாமணியிடம், கம்பெனி இன்னும் பாலைவனத்தில் அலைந்துகொண்டிருக்கிறது, நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிடிபி சென்டர் வைத்திருக்கும் ஷாரோன்தான் அவருடைய எல்லாப் புத்தகத்தையும் தட்டச்சு செய்கிறவள். நாற்பது வருஷத்தில் அவர் எழுதியதை முழுக்கப் படித்திருக்கிற ஒரே ஜீவன் அவள். அதுவும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால். ஒன்பதாம் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றது.

"தாத்தா, இத கம்பெனில படிச்சாங்களா?"

"படிப்பா."

"படிச்சா?"

"திருத்தட்டும். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்."

உண்மையிலேயே அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பிரதியை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் குங்குமத்தோடு வைத்து, பிரேம்நாத்திடம் நீட்டி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை கொஞ்சம் கெஞ்சலாகவே சொன்னார். பிரேம்நாத் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினான். வலக் கண்ணில் ஒற்றினான், இடக் கண்ணில் ஒற்றினான், நெஞ்சுப் பையில் வைத்தான்.

"சாமி எழுதினதை நான் போய் கரெக்ஷன் பாக்கறதா? வாய் வெந்துடும்," என்றான். அட்டைக்குப் பின்னால் கையெழுத்தும் போட்டான்.

மும்பையில் இருக்கும் மேலதிகாரிகளுக்கு அட்டைப் படம் போயிற்று. மஞ்சள் அட்டை, தாமரை, நடுவே கம்பெனி முத்திரை. அவர்களில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. உள்ளூர் மணம் வீசுகிறது என்று பாராட்டி மெயில் வந்தது. பின்னட்டையில் பிரேம்நாத்தின் கையெழுத்தோடு இரண்டாயிரம் பிரதி அச்சாயிற்று.

இங்கேதான் பாச்சா எதிர்பாராத ஒன்று நடந்தது. நெல்வாய்த்தாங்கலிலும் ஒருத்தரும் படிக்கவில்லை. கொடுத்த கையோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பூஜையறையில் வைத்தார்கள், மேலே ஒரு செம்பருத்தி வைத்தார்கள். கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடப் புத்தகத்தைத் தரையில் வைக்கவில்லை. இரண்டாயிரம் பிரதிக்கு ஒரு வாசகன் இல்லை. பிரேம்நாத் படிக்க மாட்டான் என்று உள்ளூர நம்பியிருந்த பாச்சா, ஊரும் படிக்காது என்பதை மறந்திருந்தார். நாற்பது வருஷமாகத் தன்னை யாரும் படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். இந்தத் தடவை அது நெஞ்சில் முள்ளாகக் குத்திற்று.

கூட்டத்துக்கு முதல்நாள் காலை செல்லியம்மாள் வந்தபோது வாசலிலேயே நின்று பிடித்துக்கொண்டார்.

"செல்லியம்மா, எழுத்துக்கூட்டத் தெரியுமோன்னோ?"

"அஞ்சாவது வரைக்கும் சாமி. பஸ் போர்டு படிப்பேன்."

"போறும். ஒன்பதாம் பக்கம்."

கூட்டம் ஊர்க் கல்யாண மண்டபத்தில், பத்து மணிக்கு. மணமேடையில், கூட்டத்தை நடத்த அரசாங்கம் அனுப்பிய அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பட்டதையெல்லாம் எழுதிக்கொள்கிற, தூங்காத அதிகாரி. பக்கத்தில் மும்பையிலிருந்து வந்த கம்பெனிப் பெரியவர், நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனத்தோடு. பாச்சா பஸ் பிடித்து வந்து, கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தார். பிரேம்நாத் திரையில் படம் காட்டினான். மரம் நட்டார்கள். எண்ணெய் எடுத்தாலும் ஏரிக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் கீழே ஒரு அடுக்கு, எண்ணெய் அதற்கும் கீழே இரண்டு கிலோமீட்டர், இரண்டும் சந்தித்துக்கொள்ளவே வாய்ப்பில்லை, இதை நம்ப வேண்டும் என்று சொன்னான்.

கூட்டத்துக்குள்ளிருந்து செல்லியம்மாள் எழுந்தாள்.

"திருப்புட்குழி கோயில்ல வறுத்த பயறை மடியில கட்டிக்கினு படுத்தா முளைக்கும், புள்ள பொறக்கும்னு நம்பற ஜனங்கதாங்கம்மா நாங்க. எதையும் நம்புவோம். ஆனா பிரேமு, அந்தப் பயறுக்கும் ஈரத்துணி வேணும்டா. தண்ணிய மூடிட்டு நம்பச் சொல்ற பாரு."

சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து மஞ்சள் புத்தகத்தை எடுத்தாள். கம்பெனி கொடுத்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படிக்கலாமா என்று அதிகாரியைக் கேட்டாள். கம்பெனி கொடுத்ததென்றால் தாராளமாக என்றார் அதிகாரி.

பஸ் போர்டு படிக்கிற மாதிரியே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அதனாலேயே ஒரு சொல்லும் யார் காதிலிருந்தும் தப்பவில்லை. பூகர்பன் என்னும் பெரும் பலசாலி பதினொரு தேசங்களில் பூமாதேவியின் வயிற்றைத் துளைத்தான். அவனால் ஆற்றில் மீன் மாண்டது. கிணற்றில் நீர் எரிந்தது. பதினொரு வருஷம் அணையாத தீயில் சேவலுக்கும் பொழுது மறந்தது. எந்த வருஷம், எந்த நாடு, எத்தனை கிணறு என்பதெல்லாம் கம்பெனி அறிக்கையில் இருந்தபடியே இருந்தது. அந்தப் பாவங்கள் கரிய நாய்களாகி அவனைத் துரத்த, எங்கும் நிற்க முடியாமல் ஓடி, நெல்வாய்த்தாங்கல் ஏரிக்கரைக்கு வந்து விழுந்தான். பிடாரியம்மன் மதகின் மேல் உட்கார்ந்திருந்தாள். முழுகு என்றாள். முழுகினான். நாய்கள் கரையிலேயே நின்றன.

ஜனங்கள் மணமேடையைப் பார்த்தார்கள். மும்பைக்காரர் மட்டும் அந்த நடையைக் கேட்டு ஏதோ துதி என்று எண்ணிக் கைகூப்பியிருந்தார்.

செல்லியம்மாள் பக்கத்தைப் புரட்டினாள்.

"'ஆகையால் பூகர்பனாகிய யான், இந்த மதகிலிருந்து பிடாரியின் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை ஓர் ஊசியும் இறக்கேன். இந்த நீரை ஒரு நாழிகையும் மறியேன். இறக்கினாலும் மறித்தாலும் கரையில் நிற்கும் நாய்கள் என்னை அடையக் கடவன என்று நீரில் மும்முறை அடித்துச் சத்தியம் செய்தான்.'"

புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரியம்மா ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. பிடாரியின் கண் எவ்வளவு தூரம் எட்டும் என்று, குறிப்பில் எழுத வேண்டியிருப்பதால், செல்லியம்மாளிடம் கேட்டார்.

"அவளுக்கு இன்னும் கண்ணாடி போடல்லீங்கம்மா," என்றாள் செல்லியம்மாள்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பிரேம்நாத்தைப் பார்த்து, இது உங்கள் கம்பெனியின் வெளியீடுதானா என்று கேட்டார். கம்பெனி வக்கீல் பாதி எழுந்து, இது இலக்கியம், இதற்கும் எங்களுக்கும் என்று ஆரம்பித்தார். கேட்டது உங்களை இல்லை என்று அதிகாரி அவரை உட்கார வைத்தார்.

பிரேம்நாத் தன் நெஞ்சுப் பையிலிருந்த பிரதியை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தல புராணத்தைத் திறந்தான். ஒன்பதாம் பக்கத்தைப் படித்தான். பத்தாம் பக்கத்தைப் படித்தான். நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தான். பாச்சா விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டாயிரம் புத்தகமும் பஜ்ஜிக்குப் போகும். எந்திரம் வரும். மதகு மூடும். அவனுக்குச் சம்பளம் கூடும். அந்த ஏரியில்தான் அவன் நீந்தக் கற்றுக்கொண்டான். அப்போது அவன் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிய கை, இப்போது மஞ்சள் புத்தகத்தோடு நாலாவது வரிசையில் இருந்தது.

"புக்கு எங்களுதுதாங்க மேடம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"உள்ள எழுதியிருக்கறது?"

"அதுவும் எங்களுதுதான். வருஷம், கிணறு எல்லாம் எங்க ரிப்போர்ட்ல இருக்குது. மீனு, கிணறு, தீ மூணும் நிஜம்." கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தான். "சத்தியமும் பண்ணியாச்சு. எழுதிக்கோங்க."

புத்தகம் இணைப்பு ஏழு என்று கூட்டக் குறிப்பில் ஏறிற்று. மும்பைக்காரருக்கு யாரோ காதில் மொழிபெயர்த்தபோது கூப்பியிருந்த கை மெல்லப் பிரிந்தது.

எந்திரம் வரவில்லை. மனு மறுபரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். மதகு திறந்திருக்கிறது, ஆரஞ்சுக் கொடி இன்னும் பொம்மையின் தோளில் பறக்கிறது. ஏரிக்கரையில் நாலு கறுப்பு நாய்கள் வந்து படுத்திருக்கின்றன, எந்தத் தெரு நாய் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை, வெளியூர் ஜீப்பைக் கண்டால் மட்டும் எழுந்திருக்கின்றன என்று செல்லியம்மாள் சொல்கிறாள். தான் எழுதியபோது எண்ணிக்கை போடவில்லையே என்று பாச்சாவுக்குத்தான் ஆச்சரியம். பிரேம்நாத்தைக் கம்பெனி பாலைவனத்துக்கு மாற்றியது. அவன் போகவில்லை. ஓரிக்கையில் சோலார் பம்பு விற்கிறான். சித்திக்கு ஒன்று கொண்டுபோய் வைத்தான். பேசவில்லை, ஆனால் சோறு போட்டாளாம்.

ஐப்பசியில் பாச்சாவுக்குக் கம்பெனி வக்கீலிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ள பக்கங்களை நீக்கி, திருத்திய இரண்டாம் பதிப்பை எழுதித் தர வேண்டும், தவறினால் நடவடிக்கை என்று ஏழு பக்கம். பாச்சா அதை வரி விடாமல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். படிக்கப்படாமல் போவதன் வேதனை தெரிந்தவர். கோர்ட்டு அது இது என்றால் என்ன செய்வது என்று ரமாமணி கேட்டாள். அந்த ஏழாவது இணைப்பைக் கோர்ட்டில் ஒரு தடவை உரக்கப் படிப்பார்கள், வேறு என்ன செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் பாச்சா அஞ்சலட்டையை எடுத்தார்.

'இரண்டாம் பதிப்பில் தங்கள் கம்பெனிக்கு வேண்டுமானால் ஆயிரம் வருஷம் வயது கூட்டித் தருகிறேன். அகத்தியரையும் கூட்டி வருகிறேன். பரிகாரத்தை எடுக்க இயலாது. அதை எடுத்தால் பாவம் மட்டும்தான் நிற்கும். இப்படிக்கு, பாச்சா.'

கீரைக் கூடையோடு வந்த செல்லியம்மாளிடம் அட்டையைப் பெட்டியில் போடச் சொல்லிக் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே எழுத்துக்கூட்டி முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"பின்கோடு சரியா இருக்குதா சாமி? பாரு ஒரு வாட்டி. இது போய்ச் சேரணும்."